ஸ்ட்ராட்டா, ஜாஸ்மாஸ்டரா, பிக்ஸ்பியா: பழைய பாணி கிட்டாரில் எதில் சுருதி நிற்கும்?

பழைய பாணி எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்று வேண்டும். ஆர்ம், அதாவது அழுத்தினால் எல்லாத் தந்திகளின் சுருதியையும் சேர்த்து இறக்கும் கம்பி, இருக்க வேண்டும். அதை அழுத்திவிட்டுக் கையை எடுத்தால் சுருதி பழைய இடத்துக்கே வந்து நிற்க வேண்டும். என் அக்கா மகன் கேட்டது இவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏற்காட்டில் சர்ச் பாடகர் குழுவோடு வாசிக்கிறான். மற்ற நாட்களில் சேலத்தில் மெல்லிசைக் குழு, கல்யாண வரவேற்பு, ஆடி மாதம் வந்தால் மாரியம்மன் பண்டிகை மேடை. "மாமா, ஜாஸ்மாஸ்டர் பார்க்க கெத்தா இருக்கு. ஆனா சுருதி நிக்காதுன்னு எல்லாரும் பயமுறுத்துறாங்க. பேசாம ஸ்ட்ராட்டே வாங்கிடவா, இல்ல பிக்ஸ்பி வெச்ச கிரெட்ச் பார்க்கவா?" ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டர்), ஜாஸ்மாஸ்டர் இரண்டும் ஃபெண்டர் கம்பெனியின் மாடல்கள்; கிரெட்ச் வேறு கம்பெனி; பிக்ஸ்பி என்பது கிட்டாரில் பொருத்தும் ஒரு வகை ஆர்ம். கையில் இருப்பது ஒரே ஒரு கிட்டாருக்கான காசு. அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

ஃபெண்டர் 1982-ல் தன் 1957, 1962 ஸ்ட்ராட்டுகளை மறுபடியும் செய்து விற்க ஆரம்பித்ததிலிருந்து ரீஇஷ்யூ என்பது தனிச் சந்தையாகவே ஆகிவிட்டது. இன்று அது மூன்று படியில் கிடைக்கிறது. கீழே, ஃபெண்டரின் மலிவு பிராண்டான ஸ்குவையர் இந்தோனேசியாவில் செய்யும் கிளாசிக் வைப். நடுவில், மெக்சிகோவின் என்செனாடாவிலிருந்து வரும் வின்டேரா. மேலே, 2022-ல் வந்த அமெரிக்கன் விண்டேஜ் 2. ஒரு படி ஏறினால் விலை மடங்காகிறது. ஆனால் ஸ்ட்ராட்டின் ஆர்ம் அமைப்பு மூன்றிலும் 1954-ல் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த அதே வரைபடம்தான்: முன்பக்கம் ஆறு திருகாணி, அடியில் கனமான உலோகக் கட்டை, பின்பக்கக் குழியில் ஸ்பிரிங்குகள். கூடக் காசு கொடுத்தால் சுருதி தானாக நின்றுவிடும் என்று நம்பி மேல்படிக்குப் போக வேண்டாம். அந்தக் காசு மரத்துக்கும் பாலிஷுக்கும் பிக்கப்புக்கும் போகிறது.

சுருதி கலைவதற்கு முதல் காரணம் தந்தி. 1954-ல் கடையில் கிடைத்த எலெக்ட்ரிக் கிட்டார் தந்திகள் தடிமனானவை. மூன்றாம் தந்திகூட மேலே கம்பி சுற்றிய சுற்றுத் தந்திதான். இன்று நம் ஊரில் பெரும்பாலோர் போடுவது 9-லிருந்து 42 வரையான மெல்லிய செட் (தந்தியின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்; செட்டை அதன் மெல்லிய தந்தியின் எண்ணால் அழைப்பார்கள்). அந்த மாதிரி மெல்லிய செட்டுகள் பரவலாகக் கடைக்கு வந்ததே 1960-களில்தான். பழைய வரைபடம், புதிய தந்தி. ஸ்ட்ராட் இதைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது, ஜாஸ்மாஸ்டர் கண்டுகொள்ளும்.

இரண்டாவது காரணம் உராய்வு, அதுவும் முக்கியமாக நட்டில், அதாவது கழுத்தின் மேல்முனையில் தந்திகள் பள்ளத்தில் உட்காரும் சிறு கட்டையில். ஆர்மை அழுத்தும்போது தந்தி தளர்கிறது. நட்டுக்கும், சுருதி சேர்க்கத் திருப்பும் கீக்கும் நடுவே இருக்கும் சிறு துண்டில் மட்டும் பழைய இழுப்பு மிச்சம் இருப்பதால், அது தந்தியைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. ஆர்மை விட்டதும் அந்தக் கொஞ்சமும் திரும்பி வர வேண்டும். நட்டின் பள்ளம் இறுக்கமாக இருந்தால் வராது. தந்தி ஏறிய சுருதியில் மாட்டிக்கொண்டு நிற்கும். விரலால் தந்தியை வளைத்தால் இதற்கு நேர் எதிர்: தந்தி இந்தப் பக்கம் வந்து மாட்டிக்கொள்ளும், சுருதி இறங்கி நிற்கும். சுருதி சேர்க்கும்போது கீயைத் திருப்பத் திருப்ப ஒன்றும் நடக்காமல், திடீரென்று "டிங்" என்று ஒரு சத்தத்தோடு சுருதி தாவுகிறதா? குற்றவாளி நட்தான். ஆர்மைத் திட்டிப் பயனில்லை.

இதை வைத்தே நோயைக் கண்டுபிடித்துவிடலாம். அழுத்தி விட்ட பிறகு ஒன்றிரண்டு தந்தி மட்டும் ஏறி நின்றால் நட்டைப் பாருங்கள், ஸ்ட்ராட்டாக இருந்தால் ஹெட்டில் தந்தியை அமுக்கிப் பிடிக்கும் ஸ்ட்ரிங் ட்ரீயையும் பாருங்கள். ஆறு தந்தியும் சேர்ந்து இறங்கி நின்றால் பிரிட்ஜ் (உடல் பக்கம் தந்திகளைத் தாங்கும் உலோகப் பகுதி) முழுதாகத் திரும்பி வரவில்லை என்று அர்த்தம். தந்தி மாற்றிய புதிதில் மட்டும் இறங்கிக்கொண்டே போனால் கீயில் போட்ட சுற்று இன்னும் இறுகவில்லை.

நட்டின் பள்ளத்தைப் பல தொழிற்சாலைகளில் கொஞ்சம் இறுக்கமாகவும் உயரமாகவும் விட்டுத்தான் அனுப்புகிறார்கள். குறைவாக வெட்டியதை மேலும் வெட்டலாம், அதிகம் வெட்டியதை ஒட்ட முடியாது என்ற கணக்கு. 9 செட்டுக்கு வெட்டிய பள்ளத்தில் நாம் 10-ஐயோ 11-ஐயோ திணித்தால் சிக்கல் இரட்டிப்பு. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வேலைக்காரர்கள் வைத்திருக்கும் ஊசி அரம் இதற்கென்றே செய்தது போலத் தெரியும். ஆனால் அது நுனி நோக்கிச் சிறுத்துக்கொண்டே போகும். பள்ளத்தில் விட்டால் அகலம் ஒழுங்காக வராது. நட்டின் பின்விளிம்பை மழுக்க மட்டும் அது உதவும். சுற்றுத் தந்திகளின் பள்ளத்துக்குப் பழைய சுற்றுத் தந்தித் துண்டு ஒன்றையே முன்னும் பின்னும் இழுத்தால் போதும். மெல்லிய தந்திகளுக்கு 1000 நம்பர் உப்புத்தாளின் விளிம்பை விட்டு மெதுவாகத் தேய்க்கலாம். ஆழப்படுத்தக் கூடாது, பக்கச் சுவர்களை மட்டும் வழவழப்பாக்க வேண்டும். கடைசியில் பென்சில் கரியைத் தேய்த்துவிட வேண்டும். எந்த கிட்டார் வாங்கினாலும் இந்த ஒரு வேலை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மூன்றையும் பிரிக்கும் இடத்துக்கு வருவோம். ஆர்மை அழுத்தும்போது தந்தி நகர்கிறது. அது உட்கார்ந்திருக்கும் சேடில் என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி. ஸ்ட்ராட்டில் சேடில், தந்தியின் முடிச்சு எல்லாம் ஒரே தகட்டில் சேர்ந்தே சாய்கின்றன. அங்கே தந்தி உராய இடமே குறைவு. ஜாஸ்மாஸ்டரில் பிரிட்ஜ் தனி, ஆர்ம் தனி. தந்தியோடு சேர்ந்து பிரிட்ஜ் தன் இரண்டு காலில் முன்னும் பின்னும் ஆடும். பிக்ஸ்பியில் பெரும்பாலும் பிரிட்ஜ் அசையாமல் நிற்க, தந்தி சேடிலின் மேல் வழுக்கிப் போய்வர வேண்டும்.

முதலில் ஸ்ட்ராட். ஹெட்டில் ஆறு கீயும் ஒரே பக்கம் இருப்பதால் தந்தி நட்டிலிருந்து நேராகப் போகிறது, பக்கவாட்டில் மடங்குவதில்லை. பாதிச் சண்டை அங்கேயே முடிந்தது. மிச்சம் இருப்பது அந்த ஆறு திருகாணிகள். ஆறையும் தகட்டோடு இறுக்கி வைத்தால் பிரிட்ஜ் எங்கேயாவது மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் வந்து நிற்கும். ஓரத்து இரண்டையும் தகட்டைத் தொட்டும் தொடாமலும் வைத்து, நடு நான்கையும் அரைச் சுற்றாவது மேலே எடுத்துவிடுவது பழகிய வைத்தியம். ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும்.

அப்புறம் பிரிட்ஜை மிதக்க விடுவதா, உடலோடு ஒட்டி உட்கார வைப்பதா என்ற கேள்வி. மிதக்கும் பிரிட்ஜ் என்பது தராசு: ஒரு தட்டில் தந்திகளின் இழுப்பு, மறு தட்டில் ஸ்பிரிங்குகளின் இழுப்பு. ஃபெண்டரின் அளவுப்படி பிரிட்ஜின் பின்விளிம்பு உடலிலிருந்து சுமார் 3.2 மில்லிமீட்டர் தூக்கி நிற்க வேண்டும். அப்படி வைத்தால் சுருதியை இறக்கவும் ஏற்றவும் முடியும், சின்ன அசைவுகள் அழகாக வரும். ஆனால் மேடையில் ஒரு தந்தி அறுந்தால் மற்ற ஐந்தும் ஏறிப் போகும். நம் ஆட்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. கர்நாடக பாணியில் ஒரு தந்தியில் கமகம் பிடித்து, பக்கத்துத் தந்தியை சுருதிக்காகத் திறந்து விட்டு வாசிப்பவர்கள் மிதக்கும் பிரிட்ஜில் திணறுவார்கள். இந்தத் தந்தியை வளைக்கும்போது பிரிட்ஜ் முன்னால் சாய, ஆதார சுருதித் தந்தி இறங்கும். சினிமாப் பாட்டின் இடையிசையில் வரும் இழுவைகளுக்கும் இதே கதி.

உட்கார வைத்துவிட்டால் இரண்டு தொல்லையும் போய்விடும். பின்பக்கத்தில் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் கொக்கித் தகட்டின் இரண்டு திருகாணிகளையும் இறுக்க வேண்டும், தேவைப்பட்டால் மூன்று ஸ்பிரிங்கை நான்கோ ஐந்தோ ஆக்க வேண்டும். சுருதியை இறக்க மட்டும்தான் முடியும், ஏற்ற முடியாது. ஆர்மும் கொஞ்சம் கடினமாகும். சர்ச்சிலும் கல்யாண மேடையிலும் வாசிப்பவனுக்கு அது ஒரு இழப்பே இல்லை என்பது என் அபிப்பிராயம். ஸ்ட்ராட்டின் பெரிய பலம் இதுதான்: பிடிக்கவில்லை என்றால் மறுபடியும் மிதக்க விடலாம். மற்ற இரண்டிலும் அந்தச் சுதந்திரம் இவ்வளவு சுலபமாகக் கிடைக்காது.

ஜாஸ்மாஸ்டர் 1958-ல் வந்தது, அதே மாதிரி ஆர்ம் உள்ள ஃபெண்டரின் ஜாகுவார் 1962-ல். இரண்டிலும் தந்தி பிரிட்ஜைத் தாண்டிக் கிட்டத்தட்ட நேராகவே ஆர்ம் தகட்டுக்குப் போகிறது. சேடிலை அமுக்கும் விசை குறைவு. அந்தக் காலத்துத் தடித்த தந்தியில் அது தெரியவில்லை. 9 செட்டைப் போட்டு வேகமாக அடித்தால் தந்தி சேடிலின் மரையிலிருந்து பக்கத்து மரைக்குத் தாவும், பிரிட்ஜ் கிணுகிணுக்கும், சேடிலின் குட்டித் திருகாணிகள் அதிர்ந்து அதிர்ந்து கீழே இறங்கும். "ஜாஸ்மாஸ்டர் சுருதி நிற்காது" என்ற பேச்சில் பெரும்பங்கு இங்கிருந்து வருகிறது. ஃபெண்டரே ஜாகுவாரை 1975-லும் ஜாஸ்மாஸ்டரை 1980-லும் நிறுத்தியது. பிறகு பழைய கடைகளில் மலிவாகக் கிடைத்தவற்றை வாங்கியவர்கள்தான் அவற்றுக்கு மறுபடி மவுசு ஏற்றினார்கள்.

ஆனால் அந்த ஆர்ம் அமைப்பின் மேல் எனக்குக் குறையே இல்லை. சொல்லப் போனால் மூன்றிலும் மிக மென்மையாக ஆடுவதும், ஒழுங்காகத் திரும்பி வருவதும் அதுதான். அதற்கு நான்கு வேலை செய்ய வேண்டும். 11 செட் போட வேண்டும். கழுத்தின் அடியில் மெல்லிய மரச் சீவல் ஒன்றை ஆப்பாக வைத்துக் கழுத்தைச் சற்றே பின்னால் சாய்த்து, பிரிட்ஜை உயர்த்த வேண்டும். தந்தி அப்போதுதான் சேடிலில் அழுந்தும். குட்டித் திருகாணிகள் இறங்காமலிருக்க ஒரு சொட்டு நெயில் பாலிஷ். பிரிட்ஜ் தன் கால்களில் ஆடலாம், ஆனால் நேராக நிற்கும் இடத்துக்குத் திரும்ப வேண்டும். ஆர்மைக் கடுமையாக இழுத்தபின் ஒரு பக்கம் சாய்ந்தே நின்றுவிட்டால், உள்ளங்கையால் நேராக்கிவிட்டுத்தான் சுருதி பார்க்க வேண்டும். இதற்கும் பொறுமை இல்லாதவர்கள் ஃபெண்டரின் இன்னொரு மாடலான மஸ்டாங்கின் பிரிட்ஜை வாங்கி மாட்டுகிறார்கள். தந்தி தாவும் தொல்லை அத்தோடு தீரும். ஆர்ம் தகட்டில் இருக்கும் பூட்டுப் பொத்தானும் சும்மா அலங்காரத்துக்கு இல்லை: ஒழுங்காகச் சரிசெய்து வைத்தால், ஒரு தந்தி அறுந்தாலும் பொத்தானைத் தள்ளி மற்ற ஐந்தின் சுருதியைக் காப்பாற்றிக்கொண்டு பாட்டை முடிக்கலாம்.

ஜாகுவாரின் தந்தி நீளம் 24 அங்குலம்தான், ஜாஸ்மாஸ்டருக்கு 25.5. நீளம் குறைந்தால் அதே சுருதிக்கு இழுப்பும் குறையும். சொன்ன சிக்கல்கள் எல்லாம் ஒரு படி கூடும். முதல் கிட்டாராக வேண்டாம். மஸ்டாங்கும் சிறிய நீளம்தான். அதன் ஆர்ம் தொட்டாலே சுருங்கும் ரகம். கிப்சன் கம்பெனியின் எஸ்ஜி கிட்டாரில் வரும் மேஸ்ட்ரோ வைப்ரோலா என்ற ஆர்ம் பார்க்க அழகு, அவ்வளவே.

பிக்ஸ்பிக்கு ஒரு வேடிக்கையான பிறப்பு. மெர்ல் டிராவிஸ் என்ற அமெரிக்கக் கலைஞர், தன் கிட்டாரில் இருந்த காஃப்மன் வைப்ரோலா சுருதியைக் கலைக்கிறது என்று, மோட்டார் சைக்கிள் பிரியரும் லேத்து வேலை தெரிந்தவருமான பால் பிக்ஸ்பியிடம் கொடுத்தார். அவர் அதைப் பழுது பார்ப்பதற்குப் பதில் புதிதாக ஒன்றையே செய்துவிட்டார். அந்தப் புதியதைத்தான் இன்று சுருதி கலைக்கிறது என்று நாம் குறை சொல்கிறோம். குறையும் நியாயமானதுதான். நட், சேடில், சில மாடல்களில் தந்தியைக் கீழே அமுக்கும் உருளைக் கம்பி என்று மூன்று இடத்தில் தந்தி உராய்கிறது. போதாக்குறைக்கு கிரெட்ச், எபிஃபோன் ஹெட்டில் பக்கத்துக்கு மூன்று கீ. நட்டைத் தாண்டியதும் தந்தி பக்கவாட்டில் மடங்கிப் போகிறது. மூன்றாம் தந்தி எப்போதும் தகராறு செய்வது அதனால்தான். உருளும் சேடில் உள்ள பிரிட்ஜ் மாட்டினால் நிறையவே சரியாகும். ஒழுங்காக வெட்டிய நட்டும் சேர்ந்தால், மெல்லிய நடுக்கத்துக்கு மட்டும் ஆர்மைத் தொடுபவர்களுக்கு பிக்ஸ்பி நன்றாகவே ஒத்துழைக்கும். ஆழமாக அழுத்த நினைத்தால் அது உங்களுக்கானது இல்லை.

பிக்ஸ்பியில் தந்தி மாற்றுவது தனிக் கலை. தந்தியின் குமிழை ஒரு சிறு முளையில் மாட்டி, அது நழுவாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டே மறுகையால் கீயைத் திருப்ப வேண்டும். நுனியை முன்கூட்டியே வளைத்து வைத்தால் கொஞ்சம் சுலபம். இரண்டு பாட்டுக்கு நடுவே, தவில்காரர் பக்கத்தில் நின்று சத்தம் போடும்போது இதைச் செய்து பாருங்கள், தெரியும். இன்னொன்று, பிக்ஸ்பி வரும் கிட்டார்கள் பலவற்றுக்கு உள்ளே வெற்றிடம் உண்டு. பண்டிகை மேடையின் பெரிய ஸ்பீக்கர்களுக்கு முன்னால் அவை ஊளையிடும். சர்ச்சில் அந்தப் பிரச்சினை வராது. சர்ச்சுக்கு மட்டும் என்றால் நானே கிரெட்சை எடுக்கச் சொல்லியிருப்பேன். அந்தக் கணீர் சத்தத்துக்கும் கோரஸ் பாட்டுக்கும் அவ்வளவு பொருத்தம்.

ஆர்மே இல்லாத டெலிகாஸ்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாதத்துக்கு ஒரு தடவைதான் ஆர்மைத் தொடுவேன் என்பவர்கள் அதை வாங்கிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். மருமகன் அந்த ரகம் இல்லை.

சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் அளவில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில். நடுவே இருபது கொண்டை ஊசி வளைவு. மே மாதம் நாற்பது டிகிரி வெயிலில் டிக்கியில் வைத்த கிட்டாரை மேலே கொண்டுபோய்த் திறந்தால், குளிரில் தந்தி சுருங்கிச் சுருதி ஏறியிருக்கும். மிதக்கும் பிரிட்ஜாக இருந்தால் ஒரு தந்தியைச் சரிசெய்யும்போது மற்றவை நகரும். ஆறையும் இரண்டு மூன்று சுற்று பார்க்க வேண்டும். உட்கார்ந்த பிரிட்ஜில் ஒரு சுற்றில் வேலை முடியும். எப்படியானாலும் பெட்டியைத் திறந்து அரை மணி நேரமாவது அந்தக் காற்றில் இருக்க விட்டுவிட்டுத்தான் சுருதியில் கை வைக்க வேண்டும். நைட்ரோ பாலிஷ் போட்ட அமெரிக்கன் விண்டேஜில் இன்னும் கவனம் தேவை. சூட்டிலிருந்து சட்டென்று குளிருக்குப் போனால் அந்தப் பாலிஷ் கோடு கோடாக வெடிக்கும். அதுவும் அழகுதான் என்று ரசிப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் வேறு ஜாதி.

மழைக்காலத்து மூடுபனியில் சேடில் திருகாணிகள் சீக்கிரம் துருப்பிடிக்கும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி விடலாம். வீட்டில் கைக்குக் கிடைக்கிறதே என்று தேங்காய் எண்ணெயைத் தொட்டுவிட வேண்டாம். சேலத்தில் அது எண்ணெய். ஏற்காட்டுக் குளிரில் நட்டின் பள்ளத்திலேயே உறைந்து பிசினாக நிற்கும்.

ஈரம் கழுத்தையும் விடாது. மேலே மரம் ஈரம் குடிக்கும், கீழே வந்து காயும்; கழுத்தின் வளைவு மாறிக்கொண்டே இருக்கும். கழுத்துக்குள் ஓடும் டிரஸ் ராட் என்ற கம்பியைத் திருப்பித்தான் அதைச் சரிசெய்ய வேண்டும். அசலை அப்படியே நகலெடுத்த விலை உயர்ந்த மாடல்களில் அதன் மூக்கு கழுத்தின் அடியில், உடலோடு சேரும் இடத்தில் ஒளிந்திருக்கிறது. முழுதாகத் திருப்ப வேண்டும் என்றால் தந்தியைத் தளர்த்தி, நான்கு திருகாணிகளைக் கழற்றி, கழுத்தையே தூக்க வேண்டும். கிளாசிக் வைப்பில் அதே மூக்கு ஹெட் பக்கம் இருக்கிறது. தந்தியைக்கூடக் கழற்றாமல் ஆலன் கீயால் திருப்பலாம். மலை மேல் செட்டப் செய்து தர ஆள் தேடுவது கஷ்டம். எல்லாவற்றையும் நாமே பார்த்துக்கொள்ள வேண்டிய இடத்தில், அசலுக்கு விசுவாசமாக இல்லாத அந்த ஒரு அம்சத்துக்காகவே நான் மலிவான கிட்டாரைப் பரிந்துரைப்பேன். கிளாசிக் வைப்பின் விரல் பலகை வளைவு 9.5 அங்குல ஆரம், அசலின் 7.25 இல்லை, மேல் ஃப்ரெட்டுகளில் தந்தியை வளைக்கும்போது சத்தம் அடைபடுவது குறையும். கமகம் பிடிப்பவனுக்கு இதுவும் லாபம்.

ஆகவே மருமகனுக்கு என் பதில்: கிளாசிக் வைப் ஸ்ட்ராட், 10 செட், பிரிட்ஜ் உட்கார்ந்த நிலையில். மிச்சப்படும் காசில் நல்ல எலும்பு நட் ஒன்றும், பழைய தோற்றத்திலேயே வரும் லாக்கிங் கீ (தந்தியைப் பூட்டிப் பிடிக்கும் கீ) ஒரு செட்டும். சேலத்திலேயே இருந்து, வீட்டிலும் ரெக்கார்டிங்கிலும் மட்டும் வாசிப்பவர் யாராவது கேட்டால் தயங்காமல் ஜாஸ்மாஸ்டர் என்பேன். 11 செட்டில் விரல் வலிக்கிறது என்று புலம்பக் கூடாது, அது மட்டும் நிபந்தனை.

ஆன்லைனில் வாங்கினால் திருப்பி அனுப்பும் கெடுவுக்குள் சோதித்துவிட வேண்டும். கூடவே வந்த தந்தியில் சோதிக்க வேண்டாம். அது எத்தனை நாள் குடோனில் கிடந்ததோ. புதுத் தந்தி போட்டு, ஒவ்வொன்றையும் விரலால் நன்றாக இழுத்து விட்டு, சுருதி சேர்த்து, ஆர்மை நாலைந்து தடவை அழுத்தி விடுங்கள். ஒன்றிரண்டு தந்தி ஏறி நின்றால் பதற வேண்டாம், உப்புத்தாளும் பென்சிலும் போதும். ஆறும் சேர்ந்து இறங்கினால் திருகாணிகளைத் தளர்த்திப் பாருங்கள். அதற்குப் பிறகும் இறங்கினால் தகட்டைக் கழற்றி, ஆறு திருகாணிகளும் நேராக மரத்தில் இறங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று கோணலாகத் துளைக்கப்பட்டிருந்தாலும், கழுத்து முறுக்கிக்கொண்டிருந்தாலும், கழற்றியதையெல்லாம் பழையபடி மாட்டி, பெட்டியை ஒட்டி அன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.